நாற்பத்தோரு சிவப்புச் சீட்டு

12.7.1993, திங்கள்

இன்று திம்மராயண்ணாவோடு மூன்று சண்டை. காலையில் ஒன்று, டீக்கு முன்னால் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. சண்டை என்றால் அவர் போடுவதில்லை. நான் போடுவேன், அவர் கேட்டுக்கொள்வார். அப்படிக் கேட்டுக்கொள்வதிலும் ஒரு திமிர் இருக்கிறது அந்த மனுஷனுக்கு.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற காலிபரேஷன் அறை என்பது ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஏசி, எப்போதும் இருபது டிகிரி. ஆள் கூடினால் சூடு கூடி அளவு மாறிவிடுமாம், அதனால் உள்ளே ஒருவருக்குத்தான் இடம். அவர் திம்மராயண்ணா, தளிக்காரர். அவர் அளவைப் பார்த்துச் சொல்ல, வெளியே ஜன்னல் ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவள் நான். என் முதுகுக்குப் பின்னால் கம்ப்ரஸர் தடதடக்கிறது. பாதி காதில் விழாது. "என்னண்ணா?" என்று கேட்டால் போதும், "சொன்னே" என்கிறார். சொன்னாராம்! காதில் விழாமல்தானே கேட்கிறேன்? இப்போதெல்லாம் நான் கேட்காவிட்டாலும் நடுவில் ஒரு "சொன்னே" வந்து விழுகிறது. "பாயிண்ட்… சொன்னே… நாலு." ஒவ்வொரு எண்ணுக்கும் சலித்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. எனக்கு முன்னால் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சென்னப்பன் பெங்களூருக்கு ஓடிப்போனது சும்மா இல்லை போல.

14.7.93, புதன்

இன்று இரண்டு சண்டைதான். ஒன்றில் நான் ஜெயித்தேன்.

17.7.93, சனி

கல்லாவியிலிருந்து அப்பா கடிதம். "நீ ஓசூரில் என்ன வேலை செய்கிறாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள், எனக்கே தெரியவில்லை, விவரமாக எழுது" என்று கேட்டிருக்கிறார். நிலக்கடலைக்கு மருந்தடிக்கிற மனுஷருக்கு இதை எப்படிச் சொல்வது? யோசித்து யோசித்து எழுதினேன்.

அப்பா, ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரைச் சுற்றித் தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். நடுவில் ஒரு இரும்புத் தண்டு முன்னும் பின்னும் நகரும். தண்டு எவ்வளவு நகர்ந்தது என்று குழாய் மின்சாரத்தால் சொல்லும். அதுதான் சென்சார். பெரிய மெஷின்களில் எது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வாங்கிப் போவார்கள். ஆனால் அது சொல்வது நிஜமா என்று யாராவது பார்க்க வேண்டுமே? மைக்ரோமீட்டர் வைத்துத் தண்டைச் சரியாக ஐந்து மில்லிமீட்டர் தள்ளுவோம். அது ஐந்து என்று சொன்னால் யோக்கியம். ஐந்தே கால் என்றால் பொய். கொஞ்சம் பொய்க்கு மன்னிப்பு உண்டு - இருபது மில்லிமீட்டர் ஓடும் சின்ன சென்சாருக்கு 0.10 வரை, இருநூறு ஓடும் பெரியதற்கு முழுசாக ஒரு மில்லிமீட்டர் வரை. தாண்டாவிட்டால் பச்சைச் சீட்டு, தாண்டினால் சிவப்பு. சீட்டு கட்டுவது உங்கள் மகள்.

கடைசியில், "பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கிற வேலை" என்று ஒரு வரி சேர்த்தேன். அப்பா ஊரெல்லாம் படித்துக் காட்டுவார். போலீஸ் உத்தியோகம் என்று நினைத்தாலும் நினைப்பார்கள்.

20.7.93, செவ்வாய்

என் தாள்களைப் பார்த்து குவாலிட்டி மேனேஜர் முனிவேல் சார், "நீட்டா இருக்குதும்மா" என்றார். இருக்காதா? அளவு எவ்வளவு தவறுகிறது என்று எழுத, புள்ளிக்குப் பிறகு இரண்டு கட்டம் நிரப்ப வேண்டும். திம்மராயண்ணா மனசு வந்தால்தான் இரண்டு எண்ணும் சொல்வார், பல நேரம் ஒன்றோடு சரி. அவர் "நாலு" என்றால் நான் 0.40 என்று கூட ஒரு சைபர் போட்டுக் கட்டத்தை நிரப்பி வைக்கிறேன். பாதி வேலையை நானேதான் செய்கிறேன் என்று யாருக்குத் தெரியும்?

ஒன்றுதான் மனசை அறுக்கிறது. சின்ன சென்சார் எல்லாம் சிவப்பாகவே போகிறது. பெரியது எல்லாம் பச்சை. பெரியதற்குக் கம்பி சுற்றுவது மங்கம்மா. சின்னதற்குச் சுற்றுவது பாப்பம்மக்கா.

என் பாப்பம்மக்கா.

24.7.93, சனி

பாப்பம்மக்காவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. மூக்கண்டப்பள்ளியில் இந்த ஒற்றை அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். என்னை விடப் பத்து வயது மூத்தவள். புருஷன் செத்து நாலு வருஷம். அண்ணன் வீட்டில் சாணி அள்ளி, பிள்ளை பார்த்து, மிச்சம் இருந்தால் சாப்பிட்டு இருந்திருக்கிறாள். ஒரு நாள் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். இரண்டு வருஷம் பேக்கிங்கில் கூலி. நான் சேர்ந்த அதே ஜூன் 21-ல்தான் அவளைக் கம்பி சுற்றும் மேஜையில் உட்கார வைத்தார்கள். எனக்கும் அவளுக்கும் மூன்று மாசம் டிரையல். தேறினால் பெர்மனென்ட்.

என் ஒவ்வொரு சீட்டிலும் சுற்றியவர் பெயர் எழுதுவது வழக்கம். 'பா', 'பா', 'பா' என்று எழுதி எழுதி எனக்கே கை கூசுகிறது. அதற்காகப் பச்சை கட்ட முடியுமா? அளவு அளவுதானே.

இன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவளே கேட்டாள். "எத்தினி கண்ணு இன்னிக்கி?"

"அஞ்சுக்கா."

"நல்லா பாத்துத்தான் சுத்தறேன்." எனக்கு ரசம் ஊற்றினாள்.

28.7.93, புதன்

முனிவேல் சார் என்னையும் அக்காவையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் முடிவதற்குள் சிவப்பு குறையாவிட்டால் பாப்பம்மக்காவை நிறுத்திவிடுவார்கள். பேக்கிங்கிலும் இப்போது ஆள் தேவை இல்லையாம். "நான் என்னம்மா பண்றது, சென்னப்பன் இருந்தவரைக்கும் நூத்துக்கு நாலுதான் சிவப்பு. கம்பி சுத்தற ஆளு மாறுனதுல இருந்துதான் இப்படி" என்றார். அது சரிதானே. நானும் தலையாட்டினேன்.

அறைக்கு வந்ததும் அக்கா, "அண்ணன் வூட்டுக்கு மட்டும் போமாட்டேன் புள்ள. அதுக்குக் கெணத்துல வுழலாம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

1.8.93, ஞாயிறு

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டாள்! ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் எழுத்துப் பலகையைக் காட்டிக் கண் பார்க்கிறார்கள். இவளுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் விரலைக் காட்டி எண்ணச் சொன்னார்களாம். எல்லா விரலையும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள். ஆனாலும் "கம்பி ரொம்ப சன்னம், எனக்குத்தான் தெரியமாட்டேங்குது" என்று அடம் பிடித்து வாங்கி வந்துவிட்டாள். போட்டால் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கிறாள். சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

இனியாவது பச்சையாக வரட்டும்.

3.8.93, செவ்வாய்

பதினொன்றை அக்கா பிரித்து, மறுபடி முதலிலிருந்து சுற்றிக் கொடுத்தாள். பத்து சிவப்பு.

சாருக்கே சந்தேகம் வந்து, பிரிக்காத பழைய சிவப்பில் ஆறை எடுத்து மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தோம். அச்சு மாறாமல் அதே எண்கள்! 0.40 இருந்த இடத்தில் 0.40, 0.70 இருந்த இடத்தில் 0.70. "மீட்டர்ல தப்பில்ல, உங்க வேலைலயும் தப்பில்ல" என்றார் சார். பெருமையாகத்தான் இருந்தது. பெருமைப்பட்டதற்கு உடனே வருத்தமாகவும் இருந்தது.

9.8.93, திங்கள்

மொத்தம் நாற்பத்தொன்று. ரேக்கில் வரிசையாகத் தொங்குகிறது, மிளகாய் காயப் போட்டது போல.

இன்று "சொன்னே" என்றபோது எனக்குக் கோபம் தலைக்கேறி, "சொன்னா சொல்லிட்டுப் போங்கண்ணா, ஏன் எரிஞ்சு எரிஞ்சு விழறீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பரிதாபம் என்ன வேண்டிக்கிடக்கிறது? பரிதாபப்பட வேண்டியது அக்காவைப் பார்த்து.

15.8.93, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கம்பெனியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அங்கிருந்து அப்படியே ஜூஜுவாடிக்கு நடந்தேன். ஹைவே ஓரத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிற நாராயணம்மாவிடம் போனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்காது. ஊத்தங்கரையில் சித்தப்பா கடைக்குப் போன் போட்டு, பாப்பம்மக்காவுக்கு அங்கே மில்லில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன். நம்பரைச் சொன்னேன் - நாலு, ரெண்டு, சைபர், ஏழு.

அந்தம்மா ஒவ்வொரு பட்டனாக அழுத்திக்கொண்டே திருப்பிச் சொன்னார். "நாக்கு… எரடு… சொன்னே… ஏளு."

எனக்கு வந்ததே கோபம். எட்டு வாரக் கோபம். "நீங்க எங்கம்மா சொன்னீங்க? நம்பர் சொன்னது நானு!"

அந்தம்மா ரிசீவரை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஐயே, நான் சொன்னேன்னா சொன்னேன்? சைபரம்மா. நீ சைபர்னு சொன்னல்ல, அதுக்குக் கன்னடத்துல சொன்னே."

"என்னது?"

"சொன்னே. முட்டை. ஒண்ணுமில்லாதது." விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

போன் மணி அந்தப் பக்கம் அடித்துக்கொண்டே இருந்தது. சித்தப்பா எடுத்து ஹலோ ஹலோ என்றார். நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

பாயிண்ட் சொன்னே நாலு. 0.04.

நாலை அல்ல, சைபர் நாலை - ஐயோ, நான் அதை 0.40 என்று - நடுவில் இருந்த சைபரை விழுங்கிவிட்டு, கடைசியில் நானே ஒரு சைபரை ஒட்டி - அழகுக்காக! பத்து மடங்கு. பெரிய சென்சாருக்கு ஒரு மில்லிமீட்டர் வரை மன்னிப்பு, பத்து மடங்கானாலும் தப்பித்துவிட்டது. சின்னதற்கு இல்லை. மறுபடி அளந்தபோது அதே எண் வந்ததே? வராமல்? அதே வாய், அதே காது.

அப்படி மட்டும் இருந்தால்… அப்படித்தான். வேறெப்படி இருக்கும்?

அக்கா அறையில் இருக்கிறாள். நான் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே போய் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதலில் நாளை சரிபார்க்க வேண்டும்.

16.8.93, திங்கள்

கம்ப்ரஸர் ஓடுவதற்கு முன்பே போய் நின்றேன். "அண்ணா, சொன்னேன்னா என்ன?"

"சைபரும்மா."

"அதுக்கு ஜீரோன்னு சொல்ல வேண்டியதுதானே? இங்க எல்லாரும் ஜீரோன்னுதானே சொல்றாங்க!"

"ஜீரோ எடத்துக்குப் பேருல்லம்மா? தண்டு நட்ட நடுவுல நிக்கற எடம் ஜீரோ. ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சா குழம்பிக்கும்னு நானும் சென்னப்பனும் பிரிச்சுக்கிட்டோம். எடம்னா ஜீரோ, எண்ணுன்னா சொன்னே. அவனும் நம்ம தளிப் பக்கந்தானே, வூட்டுல கன்னடந்தான். ரெண்டு வருசம் ஒரு தப்பு வரல."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"தெனமும் சொன்னே சொன்னேன்னுதானம்மா கத்தறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க எதுக்குக் கோவிச்சுக்கறீங்கன்னு எனக்குப் புரியவேயில்ல. வூட்டுல ஏதோ கஷ்டம் போல, பாவம்னு இருந்தேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் விஷயம் புரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரேக்கைப் பார்த்தோம். நாற்பத்தோரு 'பா'.

சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் தடவையாக நானும் கூண்டுக்குள் போனேன். சூடு கூடினால் கூடட்டும். மீட்டரை என் கண்ணால் பார்த்தேன். 5.04. அடுத்தது 5.03. அடுத்தது 4.98. சாயங்காலத்துக்குள் நாற்பத்தொன்றையும் பார்த்துவிட்டோம். முப்பத்தெட்டு பச்சை. மூன்றுதான் நிஜச் சிவப்பு. சுத்தமான வேலை. பிரித்துச் சுற்றிய பதினொன்றும் முதலிலேயே சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

திம்மராயண்ணா மெதுவாகச் சொன்னார். "பேசாம பச்சை கட்டிரலாமாம்மா? அந்தக்காவுக்கும் வேலை நிக்கும், நமக்கும் தொந்தரவில்ல."

கட்டலாம். யாருக்கும் தெரியாது. அக்கா கண்ணாடி போட்டாள், கை பழகிவிட்டது, இப்போது சரியாகிவிட்டது என்று எல்லாரும் நம்புவார்கள். எனக்கும் அடுத்த மாசம் பெர்மனென்ட். சத்தியமாக ஆசைப்பட்டேன். பொய் இல்லை, அரைமணி நேரம் ஆசைப்பட்டேன்.

ஆனால் ரெஜிஸ்டரில் நாற்பத்தொன்று அவள் பெயரில் நிற்கும். 'முதலில் கெடுத்தாள், பிறகு தேறினாள்' என்று. அவள் எதையும் கெடுக்கவில்லையே?

17.8.93, செவ்வாய்

சாரிடம் சொல்லிவிட்டேன். திம்மராயண்ணாவும் கூட வந்து, "எம்மேலயும் தப்பு இருக்குது சார்" என்று பக்கத்தில் நின்றார். அந்த மனுஷனையா திமிர் பிடித்தவர் என்று எழுதினேன்?

சார் எழுந்து போய் ரேக்கைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு மாசமா நல்ல சரக்க ரேக்குல தொங்கவுட்டிருக்கறோம்" என்றார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "எழுதிக் குடும்மா. உன் கையால" என்றார். எழுதிக் கொடுத்தேன். நாற்பத்தோரு நம்பரையும் வரிசையாக எழுதி, தப்பு எழுதியவளுடையது, சுற்றியவருடையது அல்ல என்று எழுதினேன். இனிமேல் எண்ணுக்குச் சைபர், இடத்துக்கு நடு. எழுதுகிறவள் எழுதியதைச் சத்தமாகத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும் - இது சார் போட்ட புது விதி.

பிறகு அறை. அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

கேட்டு முடித்து அவள் முதலில் கேட்டது, "அப்ப என் கண்ணு?"

"நல்லா இருக்குதுக்கா."

கண்ணாடியைக் கழற்றி மடித்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "கையில எண்ணெப் பிசுக்கு இருக்குமோன்னு சோப்பு போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவுனேன் புள்ள. தோலே வழண்டு போச்சு." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "ஒருக்கா, ஒரே ஒருக்கா, உனக்கே சந்தேகம் வந்திருக்கக் கூடாதா? நீ எம்பக்கத்துலதான படுக்கற?"

வெட்கமாக இருக்கிறது.

18.8.93, புதன்

பேசவில்லை.

21.8.93, சனி

பேசவில்லை. சோறு மட்டும் என் பங்கு மூடி வைத்திருக்கிறாள். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறேன். தங்க வேறு இடம் இருக்கிறதா என்று மங்கம்மாவிடம் விசாரித்தாளாம். மங்கம்மாவே என்னிடம் வந்து சொன்னாள்.

30.8.93, திங்கள்

போன வாரம் சின்ன சென்சார் இருபத்திரண்டு. இருபத்திரண்டும் பச்சை. "பாயிண்ட் சைபர் மூணு" என்று அவர் சொல்ல, "பாயிண்ட் சைபர் மூணு!" என்று நான் கத்த, பக்கத்து ஷெட் ஆட்கள் வந்து பள்ளிக்கூடமா நடத்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். திம்மராயண்ணாவுக்கு ஒரே கும்மாளம். சண்டையே இல்லாமல் வாய் துருப்பிடிக்கிறது எனக்கு.

மாசக் கடைசி வந்துவிட்டது. அக்காவை யாரும் நிறுத்தவில்லை. அது போதும். பேசாவிட்டால் போகிறது. (போகவில்லை. பொய். தினமும் கதவைத் திறக்கும்போது இன்று பேசிவிடுவாளா என்றுதான் பார்க்கிறேன்.)

11.9.93, சனி

"தண்ணி வந்திருச்சு" என்றாள். குடத்தைப் பார்த்துச் சொன்னாளா, என்னைப் பார்த்தா, தெரியவில்லை. ஓடிப்போய் இரண்டு குடமும் நானே பிடித்தேன்.

22.9.93, புதன்

நோட்டீஸ் போர்டில் ஆர்டர் ஒட்டிவிட்டார்கள். எல்லாம் இங்கிலீஷ். பாப்பம்மக்கா பெர்மனென்ட். எனக்கு டிரையல் இன்னும் ஆறு மாசம் நீட்டிப்பு. எதிர்பார்த்ததுதான். அப்பாவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே அறைக்கு வந்தேன்.

அக்கா எனக்கு முன்பே வந்து, பாயில் ஒரு படிவத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். பெர்மனென்ட் ஆனவர்கள் நிரப்பிக் கொடுக்க வேண்டியது. பேனாவை என் பக்கம் நீட்டினாள். பெயர், வயது, ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். அவளும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், பேங்க்காரரிடம் சொல்வது போல.

கடைசியில் ஒரு கட்டம். "அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்னு கேட்டிருக்குதுக்கா. அண்ணன் பேரா?"

"அவன் பேரு எதுக்கு? உம்பேரப் போடு."

பேனா நின்றுவிட்டது. "என்ன உறவுன்னு எழுதணும்க்கா."

"தங்கச்சின்னு போடு. அதையும் நானே சொல்லணுமா?"

எழுதினேன். கண் கலங்கி எழுத்துக் கொஞ்சம் கோணிவிட்டது. மடித்துக் கொடுக்கப் போனேன். அக்கா வாங்கவில்லை.

"இரு, இரு. உன்ன நம்ப முடியாது. எழுதினதச் சத்தமாப் படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டினேன்.